லட்சம் வரவேற்பும் ‘இடமில்லை’ பலகையும்: அயர்லாந்தின் குடியேற்ற விவாதம், அரிச்சுவடியிலிருந்து

டப்ளின் நகரின் ஃபீனிக்ஸ் பூங்காவுக்குள் அயர்லாந்து குடியரசுத் தலைவரின் மாளிகை இருக்கிறது. அதன் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கு வைக்கும் வழக்கத்தை 1990ல் அன்றைய தலைவர் மேரி ராபின்சன் தொடங்கினார். ஊரை விட்டுப் போன ஐரிஷ் மக்களுக்காக வைத்த விளக்கு அது. நீங்கள் எங்கே இருந்தாலும் உங்களை நாங்கள் மறக்கவில்லை, திரும்பி வந்தால் வழி தெரியட்டும் என்று அதற்கு அர்த்தம்.

அயர்லாந்தில் வெளிநாட்டவர் குடியேறுவது பற்றி இன்று நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள இந்த விளக்கிலிருந்து தொடங்குவதுதான் வசதி. அந்த நாட்டுக்கு ‘போவது’ பழக்கம், ‘வருவது’ புதிது. பிரிட்டனைப் போலவோ பிரான்சைப் போலவோ ஆண்ட நாடு அல்ல அது. பழைய காலனிகளிலிருந்து மக்கள் வந்து சேர்ந்த கதை அதற்குக் கிடையாது. அதுவே ஒரு காலனியாக இருந்து, தன் மக்களைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்த நாடு.

உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி 1845ல் தொடங்கிய பஞ்சம் 1852 வரை நீடித்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் போவது நிற்கவில்லை. இன்றைய அயர்லாந்து குடியரசின் எல்லைக்குள் 1841ல் 65 லட்சம் பேர் இருந்தார்கள். 1961ல் எண்ணியபோது 28 லட்சம்தான் மிச்சம். பிள்ளை வளர்ந்தால் லண்டனுக்கோ பாஸ்டனுக்கோ போவான் என்பது குடும்பத்தின் கணக்கிலேயே இருந்தது.

இந்த ஓட்டம் திசை மாறியது 1990களில். அமெரிக்க மருந்து, கணினி நிறுவனங்கள் வந்தன, பொருளாதாரம் பாய்ந்தது. ‘கெல்டிக் புலி’ என்று பெயர் வைத்தார்கள். போனவர்கள் திரும்பினார்கள், அப்புறம் அந்நியர்களும் வரத் தொடங்கினார்கள். 2004 மே 1 அன்று போலந்து, லிதுவேனியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அந்தப் புதிய நாட்டுத் தொழிலாளர்களுக்கு முதல் நாளே கதவைத் திறந்துவிட்ட பழைய உறுப்பு நாடுகள் அயர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன் மூன்றுதான். சிறு ஊர்களில்கூட போலந்துக் கடைகள் முளைத்தன. 2008ல் எல்லாம் சரிந்தபோது ஐரிஷ் இளைஞர்கள் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறினார்கள். நிலைமை தேறியதும் மறுபடி வரவு.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியரசில் 51.5 லட்சம் பேர். 1851க்குப் பிறகு ஐம்பது லட்சத்தைத் தாண்டியது அப்போதுதான். ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஆனால் குடியுரிமை என்று பார்த்தால் ஐரிஷ் அல்லாதவர் 12 சதவீதம்தான். ஐரிஷ் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து திரும்பியவரும் முதல் கணக்கில் ‘வெளிநாட்டில் பிறந்தவர்’தான். இந்த இரண்டு எண்ணில் எது தனக்கு வசதியோ அதைத்தான் ஒவ்வொரு தரப்பும் எடுத்துப் பேசும். ஆண்டு வரவுக் கணக்கும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் முடிந்த ஆண்டில் சுமார் 1,49,000 பேர் வந்து குடியேறினார்கள் என்பது உண்மை. அதில் 30,000 பேர் வீடு திரும்பிய ஐரிஷ்காரர்கள் என்பதும் உண்மை.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். ‘குடியேறியவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கைந்து வகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. மருத்துவமனைக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் வேலை அனுமதியோடு வருகிறவர்கள் தனி. 2022ல் 45,000க்குச் சற்று மேலிருந்த இந்தியக் குடிமக்களில் பெரும்பகுதி இந்த வகைதான். ஆங்கிலம் படிக்க வந்து பகுதிநேர வேலை பார்க்கும் பிரேசில்காரர்கள் தனி. போரினால் 2022 முதல் வந்த உக்ரைன் மக்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், தற்காலிகப் பாதுகாப்பு என்ற தனிச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள். கடைசியாகப் புகலிடம் கோருவோர். ஆண்டுக்குச் சில ஆயிரமாக இருந்த இவர்களது விண்ணப்பங்கள் 2022, 2023ல் தலா 13,000ஐத் தாண்டி, 2024ல் 18,500ஐத் தொட்டன. மொத்த வரவில் இவர்கள் சிறு பங்குதான். தெருவில் கேட்கும் கோபத்தில் பெரும்பங்கு இவர்கள் மேல்தான் விழுகிறது.

ஏன்? இங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

டப்ளின் துறைமுகத்தை ஒட்டி ஈஸ்ட் வால் என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு. 2022 நவம்பரில், அங்கே காலியாகக் கிடந்த மின்வாரியத்தின் பழைய அலுவலகக் கட்டடத்துக்குப் புகலிடம் கோருவோர் கொண்டுவரப்பட்டார்கள். அக்கம்பக்கத்தாரிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. தெருவில் இறங்கிய மக்கள் வாரக்கணக்கில் சாலையை மறித்தார்கள். ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று தொடங்கிய குரலோடு ‘அயர்லாந்து நிரம்பிவிட்டது’ என்ற பலகையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் அதே காட்சி ஊர் ஊராக ஓடியது. சிற்றூர் என்றால் அங்கே இருப்பது ஒரே ஹோட்டல். கல்யாண விருந்தும் அதில்தான், சுற்றுலாப் பயணி தங்குவதும் அதில்தான், பக்கத்துக் காபிக்கடை பிழைப்பதும் அதை நம்பித்தான். அதை அரசு மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தால் ஊரில் புகைச்சல் எழாமல் இருக்குமா? 2023 டிசம்பரில் கால்வே மாவட்டத்தின் ராஸ்கஹில்லில், 70 பேரைத் தங்கவைக்க ஒதுக்கிய ஹோட்டல் ஒன்று அவர்கள் வருவதற்கு முன்பே தீக்கிரையானது.

‘நிரம்பிவிட்டது’ என்ற சொல்லுக்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: 1841ல் தீவு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், இன்று பிரிட்டனின் பகுதியாக உள்ள வட அயர்லாந்தையும் சேர்த்தால்கூட அந்த எண்ணிக்கை வரவில்லை, அப்புறம் எப்படி நிரம்பியது? கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பலகையைப் பிடித்து நிற்பவர் நிலத்தின் ஏக்கரைப் பற்றிப் பேசவில்லை, கட்டிலைப் பற்றிப் பேசுகிறார். 2006ல் அயர்லாந்தில் சுமார் 90,000 வீடுகள் கட்டினார்கள். பொருளாதாரம் சரிந்த சில ஆண்டுகளில் அது 10,000க்கும் கீழே போனது. கட்டுமானத் தொழிலாளர்கள் நாட்டை விட்டே கிளம்பிவிட்டார்கள். பத்தாண்டு கட்டாமல் விட்ட வீடுகளின் பற்றாக்குறை, மக்கள்தொகை ஏறும்போது மொத்தமாக வந்து நின்றது. முப்பது வயதிலும் அப்பா அம்மா வீட்டின் சிறு அறையில் படுக்கும் இளைஞர்கள், அவசர விடுதிகளில் வீடின்றி இருக்கும் 15,000க்கும் மேற்பட்டோர், இதெல்லாம் இன்றைய நிலை. இந்தப் பற்றாக்குறையைக் குடியேற்றம் உண்டாக்கவில்லை என்பது ஒரு தரப்பு. உண்டாக்கியது யாராக இருந்தாலும் வரிசையில் இன்னும் ஆள் சேர்ப்பது எப்படிச் சரி என்பது மறுதரப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் நம்புகிற ஐரிஷ்காரர்கள் நிறைய. என் கணிப்பில் பெரும்பான்மையே அவர்கள்தான். கூச்சல் போடாததால் செய்தியில் வருவதில்லை.

புகலிடம் கோருவோரின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு கதை தெரியும். ‘டைரக்ட் புரொவிஷன்’ என்ற ஏற்பாடு 2000ல் நடைமுறைக்கு வந்தது. தங்க இடம், சாப்பாடு, பெரியவருக்கு அப்போது வாரம் 19 யூரோ பத்து சென்ட். வேலை செய்ய அனுமதி இல்லை. சில மாதங்களுக்கு என்று தொடங்கியது பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒரே அறையில் குடும்பம், பொதுச் சாப்பாட்டுக்கூடம். தன் பிள்ளைக்குத் தானே ஒரு வேளை சமைத்துப் போட முடியாத தாய்மார். வேலைத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்ன பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. ‘சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்’ என்ற வசவுக்குப் பின்னால், சும்மா உட்காரச் சொன்னதே அரசுதான் என்ற உண்மை இருக்கிறது.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1956ல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த சுமார் 500 பேரை லிமரிக் அருகே நாக்கலிஷீன் ராணுவ முகாமில் வைத்தார்கள். வேலை இல்லை, போக வழியும் இல்லை. 1957ல் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கடைசியில் பெரும்பாலோர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதுவரை சொன்னது பங்கீட்டுச் சண்டை: வீடு, ஹோட்டல், மருத்துவர், பள்ளி இடம். அதற்கு அடியில் இன்னொரு சண்டை ஓடுகிறது. ஐரிஷ்காரர் என்றால் யார்? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் அயர்லாந்துச் செய்திகள் பாதி புரிந்துவிடும். வீடு கட்டினால் முதல் சண்டை தணியும், இரண்டாவது தணியாது.

இரண்டாவது சண்டை வெளிப்படையாக வெடித்தது 2004 ஜூனில். அதுவரை அயர்லாந்து மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. வட அயர்லாந்து அமைதிக்காக 1998ல் செய்த ஒப்பந்தத்தின் பகுதியாக அது அரசியல் சாசனத்திலேயே ஏறியிருந்தது. நிறைமாதக் கர்ப்பிணிகள் இதற்காகவே வந்து இறங்குகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அரசு பொதுவாக்கெடுப்பு நடத்தியது. 79 சதவீதம் பேர் சட்டத்தை மாற்றச் சம்மதித்தார்கள். இப்போது பெற்றோரில் ஒருவர் ஐரிஷ் குடிமகனாகவோ, குறிப்பிட்ட காலம் சட்டப்படி அங்கே வாழ்ந்தவராகவோ இருந்தால்தான் குழந்தைக்கு உரிமை.

இதன் பக்கத்தில் இன்னொரு விதியை வைத்துப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் போதும், பாஸ்டனில் பிறந்து ஒரு நாள்கூட அந்த மண்ணை மிதிக்காத பேரன் பதிவு செய்து ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கலாம். டப்ளின் மருத்துவமனையில் பிறந்து, டப்ளின் உச்சரிப்பில் பேசி, பள்ளியில் ஐரிஷ் மொழி படிக்கும் குழந்தைக்கு அது இல்லாமல் போகலாம். ரத்தமா, மண்ணா என்ற கேள்விக்கு அந்த நாடு எழுதி வைத்திருக்கும் பதில் இது. சிதறிப் போன குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் பாசம் என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். நாகரிகமாகப் போர்த்திய இனப்பாகுபாடு என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். பாஸ்டன் பேரனைச் சேர்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. டப்ளின் குழந்தையை விட்டதுதான் உறுத்துகிறது.

ஐரிஷ் பேச்சுவழக்கில் ‘ப்ளோ-இன்’ என்று ஒரு சொல் உண்டு. காற்றில் அடித்து வந்து ஒதுங்கியவர் என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால் வெளிநாட்டவருக்காக உண்டான சொல் அல்ல இது. பக்கத்து மாவட்டத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் வந்து கடை வைத்தவரும் ப்ளோ-இன்தான். சொந்த நாட்டுக்காரனுக்கே இந்த நிலை என்றால் நைஜீரியாவிலிருந்து வந்தவர் என்ன ஆவார் என்று கேட்கத் தோன்றும். நைஜீரியாவிலிருந்து 2000ல் புகலிடம் தேடி வந்த ரொட்டிமி அடெபாரி 2007ல் போர்ட்லீஷ் நகரின் மேயரானார். மும்பையிலிருந்து போன மருத்துவரின் மகன் லியோ வரட்கர் 2017ல் பிரதமரானார். இதையும் அந்தச் சொல்லோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இனி பன்மைப் பண்பாடு. வந்தவர்கள் தங்கள் பண்பாட்டோடு எப்படி வாழ்வது என்பதற்குப் பொதுவாக இரண்டு வழி பேசப்படும். ஒன்று, வந்தவர் பாலில் சர்க்கரை போலக் கரைந்துவிட வேண்டும். மற்றது, அவரவர் வழக்கத்தோடு அவரவர் பக்கத்துப் பக்கத்தில் வாழலாம். அயர்லாந்து அரசு மூன்றாவது சொல்லொன்றைப் பிடித்துக்கொண்டது: பண்பாடுகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல். 2005ல் வெளியிட்ட இனவெறி எதிர்ப்புத் திட்டத்திலேயே இந்தக் கருத்து இருக்கிறது. வந்தவரும் மாற வேண்டும், இருப்பவரும் மாற வேண்டும். காகிதத்தில் அழகான கொள்கை. நடைமுறையில் ‘இருப்பவர்’ எதை மாற்றச் சம்மதிப்பார் என்பதில்தான் சிக்கல்.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருப்பவை. சம்பளம் கொடுப்பது அரசு. இடம் போதாதபோது ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு முன்னுரிமை கொடுத்துவந்தார்கள். 2007 செப்டம்பரில் டப்ளினுக்கு வடக்கே பால்பிரிகன் நகரில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக அவசரமாக ஒரு புதிய பள்ளி திறந்தார்கள். வந்து உட்கார்ந்த குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். யாரும் பிரித்து வைக்கத் திட்டம் போடவில்லை, விதி தன் வேலையைச் செய்தது. பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் இந்த ஞானஸ்நானத் தடை 2018ல்தான் நீங்கியது. அதை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் பாதிரியாரிடமிருந்து விலகிவிட்ட ஐரிஷ் பெற்றோர்களும் இருந்தார்கள். இடத்துக்காக மட்டும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து அலுத்தவர்கள் அவர்கள்.

காவல்துறைத் தலைப்பாகை விவகாரமும் இதே ரகம். 2007ல் துணைக் காவலராகத் தேர்வான சீக்கியர் ஒருவர் தலைப்பாகை கட்டக்கூடாது என்றார்கள், சீருடை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று. 2019ல் தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் அனுமதி வந்தது. நடுவில் பன்னிரண்டு ஆண்டு.

பன்மை என்பது வெளியிலிருந்து வந்து இறங்கிய சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ‘டிராவலர்கள்’ எனப்படும் நாடோடிச் சமூகம் நூற்றாண்டுகளாக அயர்லாந்தில் இருக்கிறது. அவர்கள் தனி இனக்குழு என்று அரசு ஒப்புக்கொண்டது 2017 மார்ச் 1 அன்று. போலந்துக்காரரை வரவேற்று இனிக்க இனிக்கப் பேசும் ஐரிஷ்காரர், டிராவலர் குடும்பம் பக்கத்தில் வீடு கேட்டால் என்ன சொல்கிறார் என்று பார்த்தால் நிறையப் புரியும்.

சுமுகமாகப் போன இடமும் இருக்கிறது. மேயோ மாவட்டத்தில் பாலிஹானிஸ் என்ற சிற்றூர். 1970களில் பாகிஸ்தானிய வணிகர் ஒருவர் அங்கே ஹலால் இறைச்சி ஆலை வைத்தார். 1987ல் மசூதி வந்தது. ஆலை வேலைக்குப் பல நாட்டவர் வந்து, மக்கள்தொகையில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஐரிஷ் அல்லாத குடிமக்கள் என்றாகிவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஹர்லிங் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். ஹர்லிங் என்பது ஐரிஷ் தேசியத்தின் உயிர்நாடியான விளையாட்டு. அங்கே வேலை முதலில் வந்தது, ஆட்கள் பிறகு, மெதுவாக வந்தார்கள். ஈஸ்ட் வாலில் ஓர் இரவில் பேருந்து வந்து நின்றது. இந்த வேறுபாட்டைக் கொள்கை வகுப்பவர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

வேலை கொடுப்பவர்களின் பார்வை சுருக்கமானது: இவர்கள் இல்லையென்றால் மருத்துவமனை மூடும். ஐரிஷ் செவிலியர்கள் சிட்னிக்குப் போக, கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் செவிலியர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள்.

‘நாமும் ஒருகாலத்தில் அகதிதானே’ என்பது வரவேற்பவர்களின் பெரிய வாதம். ஐரிஷ்காரர்களை விரட்டிய ‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்’ அறிவிப்புகளை நினைவூட்டுவார்கள். அமெரிக்காவில் ஆவணமின்றி வாழும் ஐரிஷ்காரர்களுக்காக டப்ளின் அரசு வாஷிங்டனில் காலங்காலமாக மன்றாடியதையும் சொல்வார்கள். 2022ல் அயர்லாந்து தன் மண்ணில் ஆவணமின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு அனுமதி வழங்கும் திட்டம் கொண்டுவந்தபோது இந்த நியாயம் ஒருவழியாக இரண்டு பக்கமும் பொருந்தியது. எதிர்த்தரப்பின் பதில்: எங்கள் தாத்தா போய் மண் வெட்டினார், அவரை யாரும் ஹோட்டலில் வைத்துச் சோறு போடவில்லை. ஒரே நினைவு, இரண்டு வாதம். விளக்கு வைத்த அதே ஜன்னலிலிருந்துதான் இருவரும் பேசுகிறார்கள்.

அரசியலில் ஒரு விசித்திரம். ஐரோப்பாவின் பல நாடுகளில் தேசியம் பேசும் கட்சி குடியேற்ற எதிர்ப்பும் பேசும். அயர்லாந்தின் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபெய்ன் இடதுசாரி. அதன் ஓட்டு ஈஸ்ட் வால் மாதிரித் தெருக்களில்தான். கொள்கை ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம் இழுக்க, 2024 ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் கட்சி 12 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. ஆனால் தீவிர வலதுசாரிக் கட்சிகளும் அந்த ஆண்டு நவம்பர் பொதுத்தேர்தலில் ஓரிடம்கூடப் பெறவில்லை.

ஓட்டில் தெரியாத கோபம் தெருவில் தெரிந்தது. 2023 நவம்பர் 23 மதியம், டப்ளின் பார்னெல் சதுக்கத்தில் ஐரிஷ் வழிப் பள்ளி ஒன்றின் வாசலில் மூன்று குழந்தைகளும் பராமரிப்பாளர் ஒருவரும் கத்தியால் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர் அல்ஜீரியாவில் பிறந்தவர் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது. அவர் பல ஆண்டு அங்கே வாழ்ந்து குடியுரிமை பெற்றவர் என்பது அந்த வேகத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. அன்று இரவு பேருந்துகளும் ஒரு லுவாஸ் டிராமும் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. 2025 கோடையில் இந்தியர்கள் மீது அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்து, இந்தியத் தூதரகம் தன் மக்களை எச்சரிக்கையாக இருக்கச் சொன்னது. ஃபீனிக்ஸ் பூங்காவில் அந்த ஆகஸ்டில் நடக்கவிருந்த இந்தியா தின விழா தள்ளிப்போனது. விளக்கு வைத்த மாளிகை இருக்கும் அதே பூங்காதான்.

‘கேட் மீல ஃபால்சா’ என்பது ஐரிஷ் மொழியின் புகழ்பெற்ற வரவேற்பு வாக்கியம். ‘நூறு ஆயிரம் வரவேற்புகள்’ என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம். நமக்கு அதற்கு ‘லட்சம்’ என்ற ஒற்றைச் சொல்லே இருப்பதால் தமிழில் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. பார்னெல் சதுக்கத்தில் கத்திக்காரரை ஹெல்மெட்டால் அடித்து வீழ்த்தியவர் பிரேசிலிலிருந்து வந்து உணவு விநியோகம் செய்துகொண்டிருந்த ஒருவர். அவருக்கு ஒரு கோப்பை பியர் வாங்கிக் கொடுப்போம் என்று யாரோ இணையத்தில் தொடங்கிய வசூல் 3 லட்சம் யூரோவைத் தாண்டிப் போனது.

அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடவும் நிற்கவும் குடியுரிமை தேவையில்லை, குடியிருந்தால் போதும். 2024 ஜூனில் அந்த பிரேசில்காரர் டப்ளின் வடக்கு உள்நகரத் தொகுதியில், நாட்டின் பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளராக நின்றார். தோற்றார். அங்கே பல இடங்களுக்கு ஒரே தேர்தல். வென்றவர்களில் ஒருவர் ஈஸ்ட் வால் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்.